முப்பது மீட்டருக்குப் போதுமான கண்ணாடி

அந்த டாக்டரம்மாவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால், "பேரு எதுக்குண்ணே?" என்று கேட்பார். எதைக் கண்டாலும் முதலில் அவர் வாயில் வருவது அந்த ஒரு சொல்தான். எதுக்கு.

அதில் குத்தலோ சந்தேகமோ இருக்காது. ஜவுளிக்கடையில் சேலை எடுக்கிற பெண்கள் முந்தானையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார்கள் அல்லவா, அதே மாதிரி அந்தச் சொல்லை வைத்து எதிரில் இருக்கும் எதையும் ஒரு தடவை தேய்த்துப் பார்ப்பார். பதில் வந்தால் சரி என்று போய்விடுவார். வராவிட்டால் அங்கேயே நிற்பார்.

தேனியில் காட்டிலாகா அலுவலகம் ஒன்றில் நான் அப்போது ஸ்டோர் கீப்பர். வயது ஐம்பத்து மூன்று. காட்டு விலங்குகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டராக அவர் எங்களிடம் வந்தபோது அவருக்கு முப்பத்து நான்கு இருக்கும். மயிலாடும்பாறைப் பக்கம் விவசாயக் குடும்பம். குள்ளமான உருவம், தடித்த மூக்குக்கண்ணாடி, எந்நேரமும் தோளில் ஒரு துணிப்பை.

அவர் சேர்ந்த அன்று, டாக்டருக்கென்று பழைய தேக்கு மேசை ஒன்றை நாலு ஆட்களை வைத்துத் தூக்கிவரச் செய்தேன். துடைத்துப் பாலிஷ் எல்லாம் போட்டிருந்தேன். அவர் மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இது எதுக்குண்ணே?"

"டாக்டருக்கு மேசை வேணாமா?"

"நான் உக்காந்து எழுதுறது வாரத்துல ஒரு நாள். அதுக்கு உங்க மேசையில ஒரு ஓரம் போதும். எனக்கு நல்லாப் பூட்டுற மாதிரி ஒரு இரும்பு பீரோ குடுங்க. மருந்து வைக்கணும்."

மேசை வந்த வழியே திரும்பிப் போனது. தூக்கி வந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதிலேயே அவர் மேல் எனக்கு ஒரு கடுப்பு வந்துவிட்டது.

அந்தக் கடுப்பு வளர்வதற்கும் காரணங்கள் இருந்தன. நான் கார் வாங்கப் போகிறேன் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த சமயம், அவரும் கேட்டார். எதுக்குண்ணே என்று. வீட்டிலிருந்து ஆபீஸுக்கு நடந்தே வந்துவிடலாம். மகள் கோயம்புத்தூரில். நானும் என் வீட்டுக்காரியும் வருசத்துக்கு இரண்டு தடவை வெளியூர் போனால் பெரிது. ஒரு வாரம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீம்புக்கு வாங்கியும் விட்டேன். அது இன்று வரைக்கும் வீட்டு முன்னால் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது.

ஒரு தடவை சின்னமனூர் பக்கம் ஏதோ வேலையாகப் போய்விட்டு ஜீப்பில் திரும்பி வருகிறோம். டாக்டர் என்று தெரிந்து ஒருவர் வழியில் மறித்துவிட்டார். கன்றுக்குட்டி சுருண்டு கிடக்கிறது, ஊசி போடுங்கள் என்றார். டாக்டரம்மா இறங்கிப் போய்க் கன்றின் கண் இமையை விரித்துப் பார்த்தார், தோலைக் கிள்ளிவிட்டுப் பார்த்தார், தொழுவத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"ஊசி எதுக்கு? தண்ணித் தொட்டி இம்புட்டு உயரத்துல இருக்கு. தாய் குடிக்குது, குட்டிக்கு எட்டல. ஒரு வாளியில தண்ணி வைங்க."

வந்ததற்கு ஒரு ஊசியாவது போட்டுவிட்டுப் போகலாமே என்ற வருத்தம் அந்த மனிதருக்கு. வாளியில் தண்ணீர் வைத்ததும் கன்று எழுந்து குடித்தது. அப்போதும் அவர் முகம் தெளியவில்லை. ஜீப்பில் ஏறியதும், "பாவம், ஊசியப் பாத்தாத்தான் அவுகளுக்கு வைத்தியம்னு தோணுது" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா கண்ணை மூடித் தூங்கிப்போனார். நினைத்த இடத்தில் நினைத்த நேரத்தில் தூங்குவதும் அவருக்குக் கைவந்த கலை.

எங்களிடம் மயக்க ஊசித் துப்பாக்கி ஒன்று இருந்தது. காற்று அழுத்தத்தில் ஊசியைத் தள்ளுகிற துப்பாக்கி. தோட்டம் துரவுக்குள் இறங்கி மாட்டிக்கொள்ளும் மிருகத்தைத் தூங்க வைத்து மறுபடி மலையில் கொண்டுபோய் விட அதுதான் வேண்டும். அதன் மேல் குறிபார்க்க மாட்டியிருந்த ஸ்கோப் என்கிற தூரக்கண்ணாடிக்குள் பூசணம் பிடித்துவிட்டது. அதில் பார்த்தால் எதிரில் நிற்பது யானையா, ஆலமரமா என்று சொல்ல முடியாது. புது ஸ்கோப் வாங்க அனுமதி வந்தது. தொகை கம்மிதான். எதை வாங்கலாம் என்று விசாரிக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

நான் இந்த மாதிரி வேலை என்றால் உட்கார்ந்துவிடுவேன். நாலைந்து நாள் கைபேசியில் தேடித் தேடிப் படித்தேன். பெரிய மிருக வேட்டைக்குக் கம்மி விலையில் எந்த ஸ்கோப் நல்லது என்று வெளிநாட்டுக்காரர்கள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். இங்கே வேட்டையாடினால் ஜெயில். ஆனால் ஸ்கோப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் வேட்டைக்காரர்களாகத்தான் இருக்கிறார்கள், நான் என்ன செய்ய. எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி எவ்வளவு அகலம், உள்ளே விளக்கு உண்டா என்றெல்லாம் கட்டம் போட்டு நாலு பக்கத்துக்கு ஒரு பட்டியல் தயாரித்தேன். இருபத்து நாலு மடங்கு காட்டுகிற ஒன்றை மேலே வைத்துச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தேன். நாங்கள் வைத்திருந்த தொகைக்கு அப்படி ஒன்று கிடைப்பது அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

டாக்டரம்மா அந்த நாலு பக்கத்தையும் வரி விடாமல் படித்தார். அதைச் சொல்லியாக வேண்டும். ஆபீஸில் நான் எழுதியதை யாரும் அதுவரை கடைசிப் பக்கம் வரை படித்ததில்லை.

"நல்லா வேலை பாத்திருக்கீகண்ணே. மதுரைக்குப் போயி கையில எடுத்துப் பாத்துருவோம்."

மதுரையில் ஏர் ரைஃபிள் விற்கிற கடை. கடைக்காரர் நான் வட்டம் போட்ட ஸ்கோப்பை எடுத்து வைத்தார். முழங்கை நீளம் இருந்தது. பெட்டி மேல் பெரிய கொம்பு வைத்த ஏதோ வெளிநாட்டு மான் படம். நான் அதை வாசலில் நின்று கண்ணில் வைத்தேன். தெருக் கடைசியில் நின்ற பஸ்ஸின் நம்பர் என் மூக்குக்கு நேரே வந்து நின்றது. பஸ்ஸுக்குள் கண்டக்டர் பல் குத்திக்கொண்டிருந்ததுகூடத் தெரிந்தது.

"பாத்தீகளா டாக்டரம்மா" என்று அவரிடம் நீட்டினேன்.

அவர் வாங்கிக்கொள்ளவில்லை. "நம்ம எவ்வளவு தூரத்துல இருந்துண்ணே சுடுவோம்?"

"முப்பது மீட்டர். மிஞ்சினா நாப்பது."

"அப்ப பஸ் நம்பர் எதுக்கு?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது.

பிறகு அவர் ஒன்றரை மணி நேரம் அந்தக் கடையில் செய்ததை எல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஐந்தாறு ஸ்கோப்புகளை வரிசையாக வைக்கச் சொன்னார். ஒவ்வொன்றையும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே பார்த்தார். கண்ணை எவ்வளவு பின்னால் இழுத்தாலும் படம் முழுசாகத் தெரிகிறதா என்று சோதித்தார். கடைக்குப் பின்னால் இருட்டாகக் கிடந்த குடோனுக்குள் போய், மூலையில் இருந்த அட்டைப் பெட்டியின் எழுத்தைப் படித்துப் பார்த்தார். பெரிய ஸ்கோப்பில் அந்த மூலை கறுப்பாகத்தான் தெரிந்தது. ஒவ்வொன்றையும் மணல் மூட்டை மேல் அசையாமல் வைத்து, தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டி, உள்ளே இருக்கும் குறுக்குக் கோடு குறியை விட்டு நகர்கிறதா என்று பார்த்தார். வேட்டைக்காரர்களின் ஸ்கோப்புகளை நூறு மீட்டருக்குத் தோதாகச் செய்வார்களாம். கிட்டத்தில் வைத்தால் கோடு அலையும் என்றார். கடைசியாக ஒரு வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் கேட்டார்.

"வாளியா? எதுக்கு மேடம்?" இந்தத் தடவை கேட்டது கடைக்காரர்.

"மேகமலையில மழைக்குள்ள நிக்கணும். உள்ள தண்ணி போகுமான்னு பாக்கணும். கெட்டுப்போச்சுன்னா அதையே நான் வாங்கிக்கிறேன்."

அவர் தேர்ந்தெடுத்ததைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாண் அளவுதான் இருந்தது. வெறும் நாலு மடங்கு. விளக்கு கிடையாது, திருகிப் பெரிதாக்குகிற வசதி கிடையாது. கிளப்பில் பிள்ளைகள் ஏர் ரைஃபிள் சுடப் பழகுகிறதற்குச் செய்தது. தண்ணீருக்குள் போட்டபோது அதிலிருந்து ஒரு குமிழிகூட வரவில்லை. மிச்சத் தொகைக்கு, அதைத் துப்பாக்கியோடு இறுக்கிப் பிடிக்கிற கிளாம்பில் ஆக நல்லதாகப் பார்த்து வாங்கினார்.

"ஸ்கோப்ப விட கிளாம்ப் ஒசத்தியா இருக்கே டாக்டரம்மா."

"நம்ம ரோட்டுல ஜீப்ல போனா எது மொதல்ல ஆடும்ணே?"

ஆபீஸில் சிரித்தார்கள். பிள்ளைகள் வைத்துச் சுடுகிற ஸ்கோப்பை வைத்துக் காட்டுமாட்டைப் பிடிக்கப் போகிறார்கள் என்றார்கள். அதிகாரி நல்ல மனிதர். அவரே என்னைக் கூப்பிட்டு, "கொஞ்சம் பெரிசா வாங்கியிருக்கலாமே" என்றார். நான் என் நாலு பக்கத்தையும் அவரிடம் காட்டினேன். எல்லாரிடமும் காட்டினேன்.

டாக்டரம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலை ஏழு மணிக்கு ஆபீஸுக்குப் பின்னால் தென்னை நார் திணித்த சாக்கைக் கட்டித் தொங்கவிட்டு, வெறும் தண்ணீர் அடைத்த ஊசிகளால் சுட்டுப் பழகுவார். ஒவ்வொரு ஊசியையும் தானே போய்ப் பிடுங்கி எடுத்து வருவார். ஜீப் எங்காவது போய்வந்தால் மறுநாள் திரும்பச் சுட்டுப் பார்ப்பார். குலுங்கியிருக்குமாம்.

அது வாங்கி ஏழெட்டு மாதம் கழித்து ஒரு காலையில் காமயகவுண்டன்பட்டியிலிருந்து தகவல் வந்தது. மலையிலிருந்து இறங்கிய காட்டுமாடு ஒன்று திராட்சைத் தோட்டத்துக்குள் மாட்டிக்கொண்டது. கடா. பந்தல் கம்பி கொம்பில் சுற்றி, முன்னங்காலிலும் சுற்றிவிட்டது. இழுக்க இழுக்கக் கல்தூண்கள் சாய்ந்துகொண்டிருக்கின்றன.

நாங்கள் போனபோது எட்டரை மணி. ஊரே வரப்பில் நின்றது. அறுப்புக்கு ஒரு வாரம் இருக்கிற பன்னீர் திராட்சை, குலை குலையாகத் தரையில் நசுங்கிக் கிடந்தது. தோட்டக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தலையில் கை வைத்து நின்றவர் எங்களைப் பார்த்ததும் ஓடிவந்தார்.

"சீக்கிரம் எதாச்சும் பண்ணுங்கய்யா. அது ஒரு இழுப்பு இழுத்தா ரெண்டு தூண் போகுது."

டாக்டரம்மா எல்லாரையும் ஜீப்புக்குப் பின்னால் போகச் சொன்னார். ஆபீஸ் ஆட்களைத் தனியாகவும் கூப்பிட்டுச் சொன்னார். "நான் சொல்ற வரைக்கும் யாரும் ஜீப்பத் தாண்டி முன்னால வரக்கூடாது. ஊசியில இருக்குறது ஒரு கடாவைச் சாய்க்கிற மருந்து. மனுசன் மேல பட்டா ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்காது."

நானும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். பிறகு எனக்கு ஒரு நினைப்பு வந்தது. மாடு சாய்ந்ததும் அதன் மேல் விடாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும். மயக்கத்தில் கிடக்கிற மிருகத்துக்கு உடம்புச் சூடு ஏறிவிடும் என்று டாக்டரம்மாவே முன்பு சொல்லியிருக்கிறார். நாங்கள் கொண்டுபோனது ஆறு கேன்தான். தோட்டத்தின் அந்தக் கோடியில் மோட்டார் ரூம் தெரிந்தது. மோட்டாரைப் போட்டு, தண்ணீர் பாய்ச்சுகிற ரப்பர் ஓஸை இழுத்து வைத்துவிட்டால் நல்லது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இன்னொருவன் போய்விடுவான், எனக்குக் கிடைக்க வேண்டிய பேரும் போய்விடும். பக்கத்துத் தென்னந்தோப்பு வழியாகச் சுற்றிப் போய்ப் பந்தலுக்குப் பின்புறம் நுழைந்தேன்.

மோட்டார் ரூமுக்குப் போய், சுவிட்சைப் போட்டு, ஓஸை இழுத்துக்கொண்டு பந்தலுக்கடியில் குனிந்து வந்தேன். அந்தப் பக்கம் பெரிய கூச்சல் கேட்டது. தூண் சாய்கிற சத்தமும் கேட்டது. பந்தல் இலை அடர்த்தியில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஓஸை வாய்க்கால் ஓரத்தில் போட்டுவிட்டு, வந்த வழியே திரும்பி ஜீப்புக்கு வந்து சேர்ந்தேன்.

அங்கே எல்லார் முகமும் மாறியிருந்தது. நடந்ததைப் பக்கத்தில் நின்றவர் சொன்னார். கடா பக்கவாட்டில் அசையாமல் நின்றிருக்கிறது. முப்பது மீட்டர்கூட இருக்காது. டாக்டரம்மா குறிபார்த்து, விரலை விசையில் வைத்துவிட்டு, சுடாமல் துப்பாக்கியைக் கீழே இறக்கிவிட்டார். அதோடு நிற்காமல் ஜீப்பை விட்டு விலகி, வெட்டவெளியில் இடது பக்கமாகப் பத்துப் பதினைந்து அடி நடந்திருக்கிறார். கடா அவர் பக்கம் திரும்பி ஒரு பாய்ச்சல் பாய்ந்து, கம்பி இழுத்து, மூன்று தூண்கள் விழுந்துவிட்டன.

"கண்ணு முன்னால நிக்கிது, சுடத் தெரியலை. அதைப் போயி சீண்டிவிட்டு வாராக" என்று ஒருவர் சத்தமாகவே சொன்னார். தோட்டக்காரர் மண்ணை வாரி வீசினார். "பொம்பளை கையில துப்பாக்கியக் குடுத்தா இதுதான்" என்று இன்னொரு குரல்.

டாக்டரம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு தென்னை மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு கடாவைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒன்றரை மணி நேரம் அப்படியே போனது. கடா மறுபடி அமைதியாகிப் பக்கவாட்டில் நின்றபோது எழுந்து போய், முட்டி போட்டு, ஒரே ஊசி. தொடையில் போய் நின்றது. பத்து நிமிசத்தில் கடா மடங்கிப் படுத்தது. கம்பியை வெட்டினோம், காயத்துக்கு மருந்து போட்டோம், நான் இழுத்து வைத்த ஓஸில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தோம். எழுப்புகிற மருந்தைப் போட்டதும் அது தள்ளாடி எழுந்து, எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் மலைப் பக்கம் நடந்தது.

கூட வந்திருந்த அதிகாரி அங்கேயே கேட்டார். "மொதல்ல நல்லாத்தானே நின்னுச்சு. ஏன் விட்டுட்டீங்க?"

"வெளிச்சம் கண்ணுல அடிச்சது சார்" என்றார் டாக்டரம்மா. அறிக்கையிலும் அதையேதான் எழுதினார்.

அன்று சாயங்காலம் ஆபீஸ் எதிரில் டீக்கடையில் நான் பேசியதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. வெளிச்சம் அடித்ததாம், நான் சொன்ன ஸ்கோப்பை வாங்கியிருந்தால் இந்த வம்பே இல்லை, மூன்று தூண் மிச்சம், அந்தம்மா யார் பேச்சையும் கேட்காது என்றேன். நாலு பேர் ஆமாம் போட்டார்கள். சந்தோசமாக இருந்தது.

மறுநாள் காலையில் மீதி மருந்தை பீரோவில் வைக்க ஸ்டோருக்கு வந்தார். இரண்டு பேர்தான் இருந்தோம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"டாக்டரம்மா, தப்பா நினைக்காதீக. பெரிய ஸ்கோப்பா இருந்திருந்தா நேத்து மொத தடவையே ஆயிருக்கும்."

அவர் பீரோவைப் பூட்டினார். சாவியைத் துணிப்பைக்குள் போட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"அது இருந்திருந்தா கடாவோட தொடை மட்டும்தாண்ணே தெரிஞ்சிருக்கும். உங்களைப் பாத்திருக்க மாட்டேன்."

எனக்குப் புரியவில்லை.

"இது சின்னதாக் காட்டுறதுனால அகலமாத் தெரியும். கடாவுக்கு அந்தப் பக்கம், ஓரமா, இலைக்குள்ள ஒரு சட்டை தெரிஞ்சது. நீலக் கோடு போட்ட சட்டை. ஓஸ இழுத்துக்கிட்டுக் குனிஞ்சு வந்தீக. நான் சுட்டிருந்தா உங்க மேல பட்டிருக்கும்னு சொல்லல. தப்பிப்போனாலோ, கம்பியில தட்டுனாலோ ஊசி எங்கன போகும்னு எனக்குத் தெரியாது. அவ்வளவுதான்."

"ஒரு சத்தம் குடுத்திருக்கலாமே" என்றேன்.

"சத்தம் குடுத்தா நீங்க எந்திரிப்பீக. நீங்க எந்திரிச்சா அது உங்க பக்கம் திரும்பும். அதான் நான் இந்தப் பக்கம் நடந்தேன்."

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் குவளையில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். குடித்து முடிக்கிற வரை நின்றார்.

"தண்ணி இல்லாட்டி அந்தக் கடா செத்திருக்கும்ணே. அந்த வெயில்ல ஆறு கேன் எந்த மூலைக்கு? நீங்க யோசிச்சது சரி. என்கிட்டச் சொல்லிட்டுப் போயிருக்கணும்."

"ஏன் டாக்டரம்மா அறிக்கையில எழுதலை?"

"எழுதுனா உங்களுக்கு மெமோ வரும். ஓய்வு பெற எத்தனை வருசம் இருக்கு உங்களுக்கு? ஊர்க்காரக என்னைத் திட்டுனது ஒரு நாள்ல போயிரும்."

போகவில்லை. அது எனக்குத் தெரியும். ஏனென்றால் அதைப் போகவிடாமல் டீக்கடையில் பரப்பியதே நான்தான்.

அன்று மத்தியானம் அதிகாரியின் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன். எனக்கு மெமோ கொடுத்தார். கொடுத்ததும் நியாயம்தான். பிறகு எழுந்து டாக்டரம்மாவைத் தேடிப் போனார். பின்கட்டில் அவர் ஊசிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அதிகாரி என்ன பேசினார் என்று தெரியாது. தூரத்திலிருந்து பார்த்தேன், கையெடுத்துக் கும்பிட்டார்.

டீக்கடையிலும் சொன்னேன். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ் ஏறிக் காமயகவுண்டன்பட்டிக்குப் போய்த் தோட்டக்காரரிடமும் சொன்னேன். அவர் பந்தலை நிமிர்த்திக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, "அப்ப நான் அந்தப் பிள்ளை மேல மண்ண வாரி எறிஞ்சேனே" என்றார். அந்த வாரமே ஒரு கூடை திராட்சையோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்றார் என்று கேள்விப்பட்டேன்.

இதற்கெல்லாம் டாக்டரம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான். "சொல்லிட்டீகளா?"

"சொல்லிட்டேன்."

"சரி" என்று போய்விட்டார்.

என் வீட்டுக்காரியிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. அவள் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனவள் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. வந்ததும், "அவுகளை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்க" என்றாள்.

டாக்டரம்மா வந்தார். எதுக்கு என்று கேட்காமலே வந்தார். என் வீட்டுக்காரி அவரை வாசலிலேயே இரண்டு கையையும் பிடித்து நிறுத்திக்கொண்டாள். என்னவெல்லாமோ சொல்ல நினைத்திருப்பாள் போல. "வா ஆத்தா" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. நாட்டுக்கோழிக் குழம்பு, முட்டை, ரசம் என்று சமைத்திருந்தாள். டாக்டரம்மா நன்றாகச் சாப்பிட்டார். பாதிச் சாப்பாட்டில் கை நின்றது.

"அக்கா, அன்னைக்கு ராத்திரி பூரா எனக்குத் தூக்கம் வரல. அண்ணனைப் பாக்காம விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னே ஓடுச்சு. இன்னொரு தடவை பாப்பேன்னு என்ன நிச்சயம்? இந்த வேலையே வேணாம்னு லெட்டர் எழுதிட்டேன். பையிலயே வச்சிருக்கேன். குடுக்கவும் மனசு வரல, தூக்கிப் போடவும் மனசு வரல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு வாரமாக அதே துணிப்பையோடுதான் ஸ்டோருக்கு வந்துபோனார். தென்னை மரத்தடியில் ஒன்றரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்த மனுசி. பயம் என்பது அவருக்கும் உண்டு என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. எங்கள் யாருக்குமே தோன்றியதில்லை.

என் வீட்டுக்காரி ஒன்றும் ஆறுதல் சொல்லவில்லை. "கொண்டா அதை" என்று கையை நீட்டினாள்.

டாக்டரம்மா இடது கையால் பையைத் துழாவி, மடித்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். இவள் அதைப் பிரித்துப் படிக்கவில்லை. மடிப்போடு இரண்டாகக் கிழித்தாள். மறுபடி சேர்த்து வைத்து நாலாகக் கிழித்தாள். கோழி எலும்பு போட்டு வைத்திருந்த தட்டில் அதையும் போட்டாள். டாக்டரம்மா அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடிக்கு அடியில் கண்ணீர் இறங்கியது. துடைக்க ஒரு கை எச்சிலாக இருந்தது, இன்னொரு கை மடியில் கிடந்தது.

என் வீட்டுக்காரி தன் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, சாப்பாட்டுப் பாத்திரத்தைப் பக்கத்தில் இழுத்தாள்.

"ரசத்துக்குக் கொஞ்சம் சோறு வைக்கவா?" என்று கேட்டாள்.

"வைங்கக்கா" என்றார்.